பந்து யார்கிட்ட இருக்கு

மைக் முன்னால் உட்கார்ந்தால் அவளுக்கு ஐந்தே விஷயம்தான். தடம் எண், போகிற ஊர், போகிற வழி, நிற்கிற நடைமேடை, புறப்படும் நேரம். இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். முதல் முறை காதில் விழுவதற்கு, இரண்டாம் முறை நம்புவதற்கு. அதற்குமேல் ஒரு சொல் கூட்டினாலும் கீழே யாரோ ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தப்பான வண்டியை நோக்கி ஓடுவார். இருபத்தாறு வருடமாகப் பேருந்து நிலையத்தின் மாடியில், அறிவிப்பு அறையில், அவள் செய்து வருவது இந்த வேலைதான். ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் அவள் மைக்கக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அறையில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியாக ஒன்பது நடைமேடைகளில் நாலு தெரியும். மற்ற ஐந்துக்கும் கீழே இருந்து நேரக்காப்பாளர் போனில் சொல்ல வேண்டும். மைக்கைத் திறக்கும்போதெல்லாம் மின்விசிறியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் நிலையம் முழுக்கப் புயல் அடிக்கிற மாதிரி கேட்கும். மேசைமேல் நீளமான ரிஜிஸ்டர் ஒன்று: தடம், வருகை, புறப்பாடு, குறிப்பு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் யாரோ ஒரு நடத்துநர் வாயால் சொன்னதை நம்பி, வராத வண்டியை வந்துவிட்டது என்று அறிவித்துவிட்டாள். நாற்பது பேர் ஆறாம் நடைமேடைக்கு ஓடினார்கள். அங்கே தண்ணீர் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஓடின கூட்டத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் விழுந்து கால் பிசகிக்கொண்டாள். அன்றைக்கு வாங்கின மெமோவை அவள் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். அதற்கப்புறம் கண்ணால் பார்க்காத எதையும் அவள் "வந்துவிட்டது" என்று சொன்னதில்லை. "எதிர்பார்க்கப்படுகிறது" என்பாள். நேரக்காப்பாளர் சலித்துக்கொள்வார். "வாசல்ல திரும்பிடுச்சுன்னு சொல்றேன், அப்பவும் எதிர்பார்க்கப்படுதாம். உனக்கெல்லாம் கல்யாணமே எப்படிம்மா நடந்துச்சு? தாலி கட்டற வரைக்கும் மாப்பிள்ளை எதிர்பார்க்கப்படுகிறார்னு சொல்லிட்டு இருந்தியா?"

மாப்பிள்ளை இயந்திரப் பட்டறையில் ஃபிட்டர். பட்டறையின் கால்பந்து அணியில் இடது ஓரத்துத் தடுப்பு ஆட்டக்காரர். இடது காலால் மட்டுமே உதைப்பார் என்பதால் அங்கே அவருக்கு லெஃப்ட்டு என்று பெயர். கோல் போட்டது வாழ்நாளில் இரண்டோ மூன்றோ. ஆனால் போகவிருந்த கோலைக் கோட்டிலேயே மறித்தது எத்தனை என்று கேட்டால் ஒவ்வொன்றையும் தேதியோடு சொல்வார். நாலு வருடத்துக்கு ஒருமுறை உலகக் கோப்பை வந்தால் பட்டறைக்கு லீவு போடுவார். டிவிக்கு எதிரே அவருடைய பிரம்பு நாற்காலியில் அந்த ஒரு மாதம் வேறு யாரும் உட்கார முடியாது.

இந்த முறை உலகக் கோப்பை வந்தபோது நாற்காலி இருந்தது, அவரும் இருந்தார், கண் இல்லை. சர்க்கரை வியாதி இரண்டு வருடத்தில் வலது கண்ணையும், அடுத்த எட்டு மாதத்தில் இடது கண்ணையும் எடுத்துக்கொண்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். அவர் அதைப்பற்றி அதிகம் பேசவில்லை. வீட்டுக்குள் நடக்கும் தூரங்களைக் காலடிக் கணக்கில் மனப்பாடம் செய்துகொண்டார். சவரம் தானே செய்துகொண்டார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணாம் நம்பருக்கு இது கடைசி வேர்ல்ட் கப். அவன் ஆடறத மட்டும் விடாம கேட்டுடணும்."

மூன்றாம் நம்பர் என்பது ஒரு சின்ன நாட்டின் வெள்ளைச் சட்டை அணியில் இடது ஓரத்தில் ஆடுபவன். பன்னிரண்டு வருடமாக அவனை அவர் தொடர்ந்து பார்த்துவந்தார். முப்பத்தாறு வயது, வழுக்கை விழுந்துவிட்டது, யாரும் அவனைப் போஸ்டரில் போடுவதில்லை. "அவன் ஓடறது என்னை மாதிரியே இருக்கும்," என்பார். அவரைவிட அவன் நன்றாக ஓடுவான் என்பதை வீட்டில் யாரும் சொல்லிக் காட்டியதில்லை.

முதல் ஆட்டம் சாயங்காலம் ஆறரைக்கு. அவளுக்குக் காலை ஷிஃப்ட், மதியமே வந்துவிட்டாள். அவளுடைய தம்பியும் வந்திருந்தான். இருசக்கர வாகன உதிரிபாகக் கடையில் விற்பனையாளன், கால்பந்து என்றால் உயிர், விஷயம் தெரியுமா என்று கேட்கக் கூடாது.

ஆறு மணிக்கே டிவியில் மூன்று பேர் உட்கார்ந்துவிட்டார்கள். கோட்டுப் போட்ட நிபுணர் ஒருவர், சிரிப்பு நடிகர் ஒருவர், இருவருக்கும் நடுவில் எல்லாவற்றுக்கும் வியக்கும் தொகுப்பாளினி ஒருத்தி. பின்னால் சுவர் அளவு திரை. நிபுணர் அந்தத் திரையில் விரலால் வட்டம் போட்டார், வட்டத்துக்குள் அம்பு போட்டார், அம்பு அழியவில்லை. கடைசிவரை அந்த அம்போடேயே பேசினார்.

"யாரு சார் ஜெயிப்பாங்க?" என்றாள் தொகுப்பாளினி.

"வெள்ளை அணிக்கு வாய்ப்பு இருக்கு. ஆனா எதிரணியையும் குறைச்சு மதிப்பிட முடியாது. டிராவும் ஆகலாம்."

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு நம்ப முடியவில்லை. "தடம் எண் நாற்பத்தேழு வரலாம், வராமலும் போகலாம், பாதி வழியில நிக்கலாம்னு நான் மைக்ல சொன்னா என்னை விடுவாங்களா? இதுக்கு கோட்டு வேற."

"அக்கா, அவர் பெரிய பிளேயரா இருந்தவர்," என்றான் தம்பி.

"இருந்துட்டுப் போகட்டும். இப்ப என்ன சொன்னார்னு நீ சொல்லு பாக்கலாம்."

தம்பி யோசித்துவிட்டு டீயைக் குடித்தான்.

ஆட்டம் தொடங்கிய பிறகுதான் அநியாயம் முழுசாகத் தெரிந்தது. வர்ணனை செய்தவர்கள் இரண்டு பேர். ஆட்டக்காரனின் தலைமுடிச் சாயம், எதிரணிக் கோல்கீப்பரின் கல்யாணம், மைதானத்தில் எத்தனை ஆயிரம் மின்விளக்கு, நேற்று இவர்கள் ஓட்டலில் என்ன சாப்பிட்டார்கள், எல்லாம் வந்தது. பந்து மட்டும் வரவில்லை. பிரம்பு நாற்காலியில் அவர் காதைக் கொஞ்சம் திருப்பி, கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தார். போன் சரியாகக் கேட்காதபோது உட்காருகிற மாதிரி.

"பந்து யார்கிட்ட இருக்கு?" என்றார்.

"நம்மகிட்ட மாமா," என்றான் தம்பி.

"நம்மகிட்டன்னா யார்கிட்ட? எங்க?"

"அங்க மாமா. அதோ போறான் பாருங்க. ஐயோ. ச்சே. என்ன மாமா இப்படிப் பண்ணிட்டான்."

"என்னடா பண்ணிட்டான்?"

"சான்ஸே இல்ல மாமா."

இரண்டாம் பாதியில் வர்ணனைக்குள் ஒரு விருந்தாளி வந்தார். புதுப் படத்தின் கதாநாயகன். படப்பிடிப்பில் தான் ஒருமுறை செருப்போடு கால்பந்து ஆடிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். வர்ணனையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் மைதானமே எழுந்து கத்துவது கேட்டது. ஐம்பதாயிரம் பேரின் சத்தம். தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான், தலையில் கைவைத்துக்கொண்டான், திரும்ப உட்கார்ந்தான்.

"ஓ, அங்க ஏதோ நடந்திருக்கு போல," என்றது டிவி. "பாருங்க, திரும்பப் போடறாங்க. பாருங்க இத. இத பார்த்துக்கிட்டே இருக்கலாம். பேச்சே வரல." பிறகு, "சரி, அந்தச் செருப்பு என்ன ஆச்சு சார்?"

"என்ன ஆச்சு?" என்றார் அவர். "கோலா? தடுத்துட்டாங்களா? யாரு?"

"வேற லெவல் மாமா," என்றான் தம்பி.

அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் திரையில் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. அவர் மறுபடி கேட்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தவர் அதையும் நிறுத்திவிட்டார்.

என்ன நடந்தது என்று மறுநாள் காலை செய்தித்தாளில் இருந்தது. அவள் வாசித்துக் காட்டினாள். அறுபத்தெட்டாவது நிமிடத்தில் கோல்கீப்பரையும் தாண்டிப்போன பந்தை மூன்றாம் நம்பர் ஓடிவந்து, விழுந்துகொண்டே, கோட்டின் மேலிருந்து இடது காலால் வெளியே எடுத்தான். வெள்ளை அணி அதனால் தப்பியது.

அவர் பல் விளக்கிக்கொண்டே கேட்டார். வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"பக்கத்துல உக்காந்திருந்தேன் நான்," என்றார். "இனிமே டிவி போடாத. பேப்பர் வந்ததும் படிச்சுக் காட்டு, போதும்."

"அவனுங்க கெடக்கறானுங்க. அடுத்த மேட்சுக்கு—"

"வேணாம்மா. கண்ணு போனதுகூட எனக்கு இப்படி உறைக்கல."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஆட்டத்தன்று ஆறரை மணிக்கு உள்ளறையில் போய்ப் படுத்துக்கொண்டார், சுவர்ப்பக்கம் திரும்பி. தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தூங்கினால் குறட்டை வரும்.

கோபம் என்றால் அவளுக்குச் சாதாரணமாக வாயில் வந்து போய்விடும். இந்தக் கோபம் போகவில்லை. வேலையிலும் கூடவே இருந்தது. வேலை செய்யத் தெரியாதவன்மேல் அவளுக்கு இரக்கம் உண்டு. வேலை என்ன என்றே கேட்டுக்கொள்ளாமல் மைக்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறவனை அவளால் மன்னிக்க முடியவில்லை. மைக் என்றால் அவளுக்கு என்ன என்று தெரியும். அதைத் திறக்கும்போது இந்தப் பக்கம் இருக்கிற உனக்குத் தெரிகிறது, அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் அந்தத் தொழில்.

தீர்ந்துபோன ரிஜிஸ்டர் ஒன்றில் கடைசியில் சில பக்கம் மிச்சம் இருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துவந்தாள். நாலாவது ஆட்டம் நடந்தபோதும் அவர் உள்ளேதான் படுத்திருந்தார். அவள் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். ஆறு முப்பத்தொன்று: மின்விளக்கு. ஆறு முப்பத்து நாலு: கோல்கீப்பர் மனைவி, பார்வையாளர் வரிசையில், இரண்டு நிமிடம். ஆறு நாற்பது: பந்து, பெயர் சொன்னார், தப்பான பெயர். ஆறு நாற்பத்தொன்று: அதே ஆளுக்கு வேறு பெயர். ஆறு நாற்பத்தைந்து: சிரிப்பு, காரணம் தெரியவில்லை. இடைவேளைப் பேச்சையும் எழுதினாள். பதினைந்து நிமிடத்தில் பத்தரை நிமிடம் விளம்பரம், மூன்று நிமிடம் போட்டிக்கான கேள்வி, மீதியில் நிபுணர், "இரண்டாம் பாதியில கோல் போடற அணி ஜெயிக்க வாய்ப்பு அதிகம்," என்றார். அதையும் எழுதி, பக்கத்தில் குறிப்பு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

காலிறுதிக்கு முந்தின நாள் மதியம், திரையின் கீழே ஓடுகிற எண்ணுக்குப் போன் செய்தாள். பாட்டு வந்தது, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்றது, கடைசியில் ஓர் இளம்பெண் குரல் வந்தது.

"உங்க கருத்த சொல்லுங்க மேடம், பதிவு பண்ணிக்கறேன்."

"கருத்து இல்லம்மா. விவரம். எழுதி வெச்சிருக்கேன், வாசிக்கட்டுமா?"

வாசித்தாள். அவளுடைய அறிவிப்புக் குரலில், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வரியையும். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் பந்து யாரிடம் இருக்கிறது என்று சொன்ன நேரம் மொத்தம் பதினோரு நிமிடம். அந்தப் பெண் குறுக்கே பேசவில்லை.

"மேடம்," என்றாள் கடைசியில், "டிவின்னா பாக்கறதுக்குத்தான மேடம். ரேடியோன்னா எல்லாத்தையும் சொல்லுவாங்க."

"ரேடியோல பாட்டுதான் போடறான். சரி, டிவி பாக்கறதுக்குத்தான். அப்ப இவங்க எதுக்குப் பேசறாங்க?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது.

"சும்மா இருக்கலாமில்ல? ஆளில்லாம மைதானத்துச் சத்தத்தையாவது விடலாமில்ல? எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது. அவர் காசா பணமா கேட்டாரு? பந்து யார்கிட்ட இருக்குன்னு கேட்டாரு. அதைச் சொல்ல அங்க அஞ்சு பேர் உக்காந்திருக்கீங்க, ஒருத்தருக்கும் வாய் வரல. செருப்புக் கதை வருது."

"எழுதிக்கிட்டேன் மேடம்." அப்புறம் குரல் தாழ்ந்தது. "மேடம், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. எங்கப்பா சத்தத்தை சுத்தமா நிறுத்திட்டுதான் பாப்பார்."

அவள் போனை வைத்தாள். பிறகு உள்ளறைக்குப் போனாள்.

"நாளைக்குக் காலிறுதி," என்றாள். "நாற்காலியில வந்து உக்காருங்க. நான் சொல்றேன்."

"நீயா?" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி. "உனக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். அதான் எனக்கும் அவங்களுக்கும் வித்தியாசம்."

அவர் திரும்பிப் படுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

தம்பிக்கு விஷயம் தெரிந்ததும் சிரித்தான். "சத்தம் இல்லாம மேட்சா? அக்கா, அதுக்கு மீன் தொட்டி வாங்கி வெச்சுப் பாக்கலாம். நான் கடைத்தெருவுல பெரிய திரையில பாத்துக்கறேன்." அவன் வரவில்லை. வந்திருந்தால் நடந்தது நடந்திருக்காது.

அவள் தயாராகத்தான் உட்கார்ந்தாள். செய்தித்தாளிலிருந்து இரண்டு அணியின் எண்களையும் ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தாள். எதிரணிக்கு நீலச் சட்டை. மின்விசிறியைப் பழக்கத்தில் நிறுத்திவிட்டாள். வியர்த்தது, ஆனால் அவர் போடச் சொல்லவில்லை.

"திரையில இடது கைப்பக்கம் இருக்கற கோல் நம்மது. அது ஒண்ணாம் பிளாட்பாரம்," என்றாள். "வலது பக்கம் அவங்களது, ரெண்டாம் பிளாட்பாரம். தூரத்துக் கோடு மேல் ஓரம். கிட்ட இருக்கறது கீழ் ஓரம். சரியா?"

"சரிங்க ஆபீசர்," என்றார் அவர்.

தொடங்கினாள். முதலில் தடுமாறினாள். பேருந்து ஒன்று வந்து நின்ற பிறகு இன்னொன்று வரும். பந்து அப்படி நிற்பதில்லை. ஆனால் இருபத்தாறு வருட நாக்கு, பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டது. "வெள்ளை எட்டு. நடுவில். மேல் ஓரத்துக்குத் தட்டிவிட்டார். வெள்ளை மூணு. மூணாம் நம்பர் புறப்பட்டார். ரெண்டாம் பிளாட்பாரம் நோக்கிப் போறார். எதிர்ல நீலம் ரெண்டு. நின்னுட்டார். திருப்பிக் குடுத்துட்டார்."

"எந்தக் கால்ல?"

"இடது."

"ம்," என்றார். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

அரைமணிக்குப் பிறகு நீலம் ஒன்பது ஒண்ணாம் பிளாட்பாரத்தில் கோல் போட்டான். அதையும் இரண்டு முறை சொன்னாள். "ஒருவாட்டி சொன்னா போதும்மா," என்றார் அவர். "இதுல சந்தோஷமா?" ஆனால் கோபமில்லை. தோற்றுக்கொண்டிருக்கிற அணியைப் பார்க்கிறவனுக்கு இருக்கவேண்டிய எரிச்சல்தான் அது. இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் அதைக் கேட்கிறாள்.

இடைவேளையில் சத்தத்தை வைக்கச் சொன்னார், நிபுணர்கள் ஒருவேளை ஏதாவது சொல்வார்களோ என்று. மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஆட்டக்காரருக்கு மீசை பொருந்தும் என்று திரையில் ஒவ்வொருவருக்காக மீசை ஒட்டிப் பார்த்தார்கள். பதினைந்து நிமிடம். அவள் திரும்ப நிறுத்தினாள்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் வெள்ளை அணிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. "வெள்ளை எட்டு. ஒண்ணாம் பிளாட்பாரம் பக்கம் போறார். நம்ம பக்கமேதான் போறார். வெள்ளை மூணு இப்ப கீழ் ஓரத்துல இருக்கார்."

"கீழ் ஓரத்துலயா?" என்றார் அவர். "அவன் எதுக்கு வலது பக்கம் வந்தான்?"

"தெரியல. அங்கதான் இருக்கார்."

"மாத்திட்டானா? இடது காலனைக் கொண்டுபோய் வலது ஓரத்துல நிறுத்திட்டானா? அந்தக் கோச்சுக்கு மண்டையில என்ன இருக்கு? பன்னிரண்டு வருஷமா ஒரே இடத்துல ஆடறவனை, காலிறுதியில—" அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"உக்காருங்க. திரும்பவும் ஒண்ணாம் பிளாட்பாரம்தான். நம்ம ஆளுங்களே பந்தை நம்ம கோல் பக்கம் கொண்டுபோறாங்க. நீலம் தடுக்கறாங்க."

"நீலம் எதுக்கு நம்ம கோலைத் தடுக்கறான்?"

"நல்லவங்களா இருக்காங்க போல."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அவள் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். பார்த்ததைத்தானே சொல்ல வேண்டும். வெள்ளை மூணு கீழ் ஓரத்தில் ஓடினான், வழுக்கைத் தலை மின்ன, பந்தைத் தூக்கி அடித்தான். வெள்ளை பதினொன்று தலையால் முட்டினான்.

"கோல்," என்றாள். "ஒண்ணாம் பிளாட்பாரத்துல. நம்ம ஆளே நம்ம கோல்ல போட்டுட்டாருங்க. மூணாம் நம்பர்தான் தூக்கிக் குடுத்தார்."

அவர் மெல்ல உட்கார்ந்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடைசி உலகக் கோப்பை, பன்னிரண்டு வருடம், இதற்காகவா என்கிற மாதிரி.

"வெட்கமே இல்ல," என்றாள் அவள். "கட்டிப்பிடிச்சுக் குதிக்கறாங்க."

"யாரு குதிக்கறா?"

"நம்ம ஆளுங்கதான்."

"வெள்ளையா?"

"வெள்ளைதான். நீலம் எல்லாம் இடுப்புல கைவெச்சு நிக்கறாங்க."

அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாரோ என்று அவள் எழுந்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வராமல், மூச்சு முட்ட, கண்ணில் நீர் வர.

"அடியே," என்றார், "பாதிக்கப்புறம் பக்கம் மாத்திப்பாங்கடி. ஒண்ணாம் பிளாட்பாரம் இப்ப அவங்களது."

அவளுக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. முப்பது வருடமாக இந்த வீட்டில் கால்பந்து ஓடியிருக்கிறது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நடந்தபடி பார்த்தவள்தான் அவள். ஒண்ணாம் நடைமேடை சாப்பாட்டு வேளைக்கப்புறம் ஆறாம் நடைமேடையாக மாறுகிற ஒரு நிலையத்தை அவள் கண்டதில்லை. வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வந்தது கோபம்.

"அதை ஒருத்தன் சொன்னானா?" என்றாள். "மூணு பேர், பதினஞ்சு நிமிஷம். மீசை ஒட்டினானுங்க. இப்ப பக்கம் மாத்துவாங்கன்னு ஒருத்தன் வாயில வந்துச்சா? என்னை மாதிரி எத்தனை பேர் பாத்துட்டு இருப்பாங்க. புதுசா பாக்கறவங்க, பாதியில வந்தவங்க, கண்ணு தெரியாதவங்க. தெரிஞ்சவனுக்குத் தெரிஞ்சதையே சொல்றதுக்கு எதுக்கு மைக்கு?"

"அவங்க மேல ஏன் பாயற? தண்ணி லாரிக்கிட்ட என்னை ஓட விட்டது நீ," என்றார் அவர், இன்னும் சிரிப்பு அடங்காமல். "பந்து யார்கிட்ட இருக்கு, அதைச் சொல்லு முதல்ல."

சொன்னாள். இப்போது சரியாகச் சொன்னாள். மூன்றாம் நம்பர் இடது ஓரத்திலேயே இருந்தான், கோச்சின் மண்டை சரியாகத்தான் இருந்தது, ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. எண்பத்தெட்டாவது நிமிடம்வரை அப்படியே இருந்தது. பிறகு நீலம் ஏழு, ரெண்டாம் பிளாட்பாரத்தில், யாருமே எதிர்பார்க்காத தூரத்திலிருந்து அடித்தான். வெள்ளை மூணு கோட்டுக்கு ஓடினான். கால் எட்டவில்லை. "ஒரு சாண்," என்றாள். "ஒரு சாண்தான் எட்டல." இந்த முறை ஒருமுறைதான் சொன்னாள்.

நடுவர் ஊதிவிட்டார். வெள்ளை அணி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அவன் என்ன பண்றான்?" என்றார் அவர்.

திரையில் நீலம் ஏழின் முகம். பிறகு அவனுடைய பல். பிறகு பார்வையாளர் வரிசையில் செருப்புக் கதை சொன்ன கதாநாயகன், கையை ஆட்டுகிறார். பிறகு திரும்ப நீலம் ஏழு, மெதுவாக, இன்னும் மெதுவாக.

"காட்டல," என்றாள்.

"பாரு. காட்டுவாங்க. பன்னிரண்டு வருஷம் ஆடினவன்."

திரும்ப நீலம் ஏழு. இந்தத் தடவை யாரோ அவன் முன்னால் மைக்கை நீட்டிப் பேட்டி எடுத்தார்கள். அவள் எழுந்து டிவிக்குக் கிட்டப் போனாள், மூக்கு திரையில் படுகிற அளவுக்கு. பேட்டி எடுப்பவனின் தோளுக்குப் பின்னால், கட்டைவிரல் அளவு ஓர் உருவம் புல்லில் உட்கார்ந்திருந்தது. தலை மின்னியது. முதுகில் எண்.

"இருக்கார்," என்றாள். அறிவிப்புக் குரல் தானாக வந்தது. "வெள்ளை மூணு. நடு மைதானத்துல, தரையில உக்காந்திருக்கார். பூட்ஸ் கயிறை அவிழ்க்கறார்."

"எந்தக் கால்?"

இன்னும் குனிந்தாள். "இடது."

அவர் தலையை ஆட்டினார்.

"ஒரு பூட்ஸைக் கழட்டிட்டார். கையில வெச்சிருக்கார். யாரும் பக்கத்துல இல்ல. எழுந்திரிக்கறார்—"

திரையின் அடியிலிருந்து சோப்பு விளம்பரப் பட்டை ஒன்று நுரையோடு எழும்பி வந்து, அந்த மூலையை மூடியது. அது போனதும் திரை முழுக்க விளம்பரம். அது முடிந்ததும் மூன்று பேர், சுவர் அளவு திரை, அழியாத அம்பு. நிபுணரின் வாய் அசைந்தது. தான் அப்போதே சொன்னதாகச் சொல்கிறார் என்று சத்தமில்லாமலே அவளுக்குத் தெரிந்தது.

"போயிட்டானா?" என்றார் அவர்.

போய்விட்டான், கைதட்டினார்கள், திரும்பிப் பார்த்துக் கையசைத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். வாய்வரை வந்தது.

"தெரியலைங்க," என்றாள். "மறைச்சுட்டாங்க."

டிவியை அணைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டாள். ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாளை மதியம் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து வாசிக்க வேண்டும். இந்த முறை அந்தப் பெண்ணோடு நிற்கப் போவதில்லை, அவளுக்கு மேலே இருக்கிறவனைக் கூப்பிடச் சொல்ல வேண்டும், அவனுக்கும் மேலே ஒருவன் இருப்பான். மீசை பதினைந்து நிமிடம் என்று எழுதினாள். கதாநாயகன் நாலு தடவை. நீலம் ஏழின் பல், இரண்டு நிமிடம். கடைசியாக ஒரு வரி.

"என்ன எழுதற?" என்றார் அவர்.

"மூணாம் நம்பர். வருகை ஆறு முப்பது."

"புறப்பாடு?"

"அந்த இடத்தைச் சும்மா விட்டிருக்கேன்," என்றாள். "அவங்ககிட்ட கேட்டுத்தான் எழுதணும்."